ஓடும் எழுத்து

அஞ்சு ரோட்டில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே,
ஏசி சொட்டும் பக்கெட்டுக்கும் எனக்கும் நடுவில்
ஒரு கீபோர்டு.
திரையின் அடியில் ஓடும் வரிகளை
மாலை நான்கிலிருந்து நள்ளிரவு வரை
நான்தான் எழுதுகிறேன்.
மேட்டூர் நீர்மட்டம், தக்காளி விலை,
கொண்டலாம்பட்டியில் மின்தடை,
காணாமல் போன பசுமாட்டின் நிறம்.
வரிக்கு ஒன்பது சொல். அதற்கு மேல் போனால்
வாசிப்பதற்குள் ஓடிவிடும் என்பார் முதலாளி.

செவ்வாய்க்கிழமை ஏழே காலுக்கு
இதயத்துல்லா ஒரு படம் அனுப்பினான்.
யாரோ அனுப்பியதை யாரோ அனுப்பியது.
புல்லுக்குள் மஞ்சள், மஞ்சளுக்குள் புள்ளி.
"ஏற்காடு ரோடு, பதினாறாவது வளைவாம்."
அந்த 'ஆம்' எனக்குக் கேட்கத்தான் செய்தது.
வனத்துறைக்குப் போன் போட்டேன். மணி அடித்து ஓய்ந்தது.
"நாம போடலைன்னா அவன் போட்ருவான்"
கை துடைத்தபடி முதலாளி.
எழுதினேன்:

ஏற்காடு மலைப்பாதையில் சிறுத்தை?

அந்தக் கேள்விக்குறியை என் மனசாட்சி என்று
நினைத்துக்கொண்டேன்.
அதுவும் ஒரு கொண்டை ஊசி வளைவுதான்;
வேகமாக வருகிறவர்கள் பார்ப்பதில்லை.

எட்டு மணிக்கு முன்பே அது விழுந்துவிட்டது.
சித்தப்பா மகன் செங்கோடன் எனக்கே அனுப்பினான்:
ஏற்காடு மலைப்பாதையில் சிறுத்தை!!!
என் சொற்கள்.
நான் பார்த்துப் பார்த்து மிகவைத்த அதே 'ப்'.
"டிவியிலயே வந்துருச்சு. நீ அங்கதான இருக்க,
உண்மையான்னு சொல்லு."

அவனுக்கு ஆதாரம் நான்.
எனக்கு இதயத்துல்லா. அவனுக்கு யாரோ.
அந்த யாரோவுக்கு
ஒருவேளை நாங்கள்.

ஒன்பது மணிக்குச் சிறுத்தைக்கு இரண்டு குட்டி.
பத்து மணிக்கு ஒரு கன்றைத் தின்றிருந்தது.
ஒண்டிக்கடை லாட்ஜ்காரர் ஆறு ரூம் கேன்சல் என்று
என் குலத்தையே திட்டி வைத்தார்.
என் வரிக்கு மேலே இன்வெர்ட்டர் விளம்பரம்:
இருட்டில் உங்கள் குடும்பம் பாதுகாப்பாக இருக்கிறதா?
அதிலும் ஒரு கேள்விக்குறி. அது விழவே இல்லை.
இன்னும் பத்து முறை ஓட்டச் சொல்லிப் பணம் வந்தது.
முதலாளி எல்லோருக்கும் தட்டுவடை செட் வாங்கித் தந்தார்,
மாங்காய் போட்டது.
நன்றாகத்தான் இருந்தது.

பத்தரைக்கு மலையிலிருந்து ஒரு பெண் பேசினார்.
காப்பி பறிக்கிறவர், பேர் சடைச்சி.
காலையில் வேலைக்குப் போவதா வேண்டாமா
என்று கேட்கத்தான் கூப்பிட்டார்.
பேச்சுவாக்கில்,
"கீழ கெடக்கறது தேக்கெலைங்க.
எங்க வளைவுல தேக்கு ஏது?
எல்லாம் சில்வர் ஓக்குங்களே."

படத்தைப் பெரிதாக்கினேன்.
மூன்று மணி நேரமாகப் புள்ளிகளையே பார்த்திருக்கிறேன்.
இலை அப்போதுதான் படத்துக்குள் வந்தது.

"அப்ப போலாங்களா?"
"போலாம்" என்றேன்.
அதற்கும் என்னிடம் ஆதாரம் இல்லை.

பதினொன்றே காலுக்கு வனத்துறை போனை எடுத்தது.
வேறு மாநிலம். மூன்று வருடப் பழைய படம்.
ஏற்காடு மலைப்பாதையில் சிறுத்தை இல்லை: வனத்துறை
என்று ஓட விட்டேன்.
அதை யாரும் எனக்கு அனுப்பவில்லை.
செங்கோடனும்.

ஷட்டர் இறங்கிய பிறகு
பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இரண்டு ஆட்டோக்காரர்கள்.
"சிறுத்தை இப்ப அங்க இல்லையாம்."
"அப்புறம்?"
"எறங்கியிருக்கும். அடிவாரந்தான். டிவியில போட்டுட்டான்."

வாய் திறந்தேன்.
'உனக்கு யார் சொன்னது' என்று கேட்பார்கள்.
டீயைக் குடித்தேன்.

என் வீடு கன்னங்குறிச்சி, மலை வந்து முடிகிற பக்கம்.
தெருவிளக்கு எரியாத நூறடி.
ஸ்கூட்டியை நிறுத்தி கேட்டைத் திறக்கையில்
புதரில் ஏதோ அசைந்தது.
நாய். நாயாகத்தான் இருக்கும்.
தேக்கிலை, தேக்கிலை என்று சொல்லிக்கொண்டேன்,
இரண்டாம் முறை திரும்பிப் பார்த்தபடி.